செட்டில் பண்ணிட்டேன்னு சொன்னேன், அதான் மேடம் பிரச்சனைன்னாரு

எங்க வீட்டு பீரோல பட்டுப்புடவைக்கு அடில மூணு வருஷமா ஒரு லெட்டர் வெச்சிருந்தேன். சும்மா இல்ல, ஜெராக்ஸ் கடைல 20 ரூபா குடுத்து லேமினேட் பண்ணி வெச்சிருந்தேன். கிரெடிட் கார்டு கடன் தீர்ந்துச்சுன்னு பேங்க் அனுப்புன லெட்டர். மனசு கொஞ்சம் டவுனா இருந்தா எடுத்து ஒரு தடவ பாத்துட்டு உள்ள வெச்சுடுவேன், ஒண்டியா நின்னு ஒரு கடன முடிச்சோம்னு ஒரு தெம்பு. அந்த லெட்டர்ல இருந்த ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாததால 88,900 ரூபா போச்சு, பாத்து வெச்ச வீடும் போச்சு. தெரியாத வார்த்தைன்னா கூட பரவால்ல, யார்கிட்டயாவது கேட்டிருப்பேன். தினமும் பத்து தடவ வாய்ல வர்ற வார்த்தை அது. செட்டில்.

முதல்ல இருந்து சொல்றேன். பழைய வண்ணாரப்பேட்டைல எனக்கு சின்னதா ஒரு தையல் யூனிட் இருக்கு. நாலு பவர் மெஷின், ஒரு ஓவர்லாக், ரெண்டு பொண்ணுங்க வேலைக்கு வர்றாங்க, நைட்டியும் குழந்தைங்க ஃப்ராக்கும் தெச்சு எம்.சி. ரோடு கடைங்களுக்கு பீஸ் ரேட்ல குடுக்கறோம். வூட்டுக்காரர் ஹார்பர்ல ட்ரெய்லர் ஓட்றாரு, கன்டெய்னர் ஏத்திட்டு போனா எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது. கார்டு என் பேர்ல, யூனிட்டுக்காக நான் வாங்குனது. 2020 மார்ச் முதல் வாரத்துல ரம்ஜான் ஆர்டர் பெருசா வந்துச்சுன்னு துணியும் ஒரு பழைய ஓவர்லாக்கும் கார்டுலயே எடுத்தேன், பழைய பாக்கியோட சேத்து 62,000. மே மாசம் சரக்கு போயிடும், காசு வந்ததும் கட்டிடலாம்னு கணக்கு. மார்ச் 25 லாக்டவுன். அப்புறம் எங்க ஏரியா எப்படி இருந்துச்சுன்னு இங்க இருந்தவங்களுக்கு தெரியும், தெருவ தகரம் வெச்சு அடைச்சிட்டாங்க, ராயபுரம் மண்டலம்னாலே சென்னைல மத்தவங்க பயந்து ஒதுங்குன காலம். தெச்ச நைட்டி 300 பீஸ் மூட்டையா என் கட்டிலுக்கு அடில கெடந்துச்சு.

ஆறு மாசம் தவணை கட்ட வேணாம்னு டிவில சொன்னாங்க இல்ல, மார்ச்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், அத நம்பி நானும் கட்டல. அது தள்ளி வைக்கறது தான், தள்ளுபடி இல்லன்னு எனக்கு அப்ப உறைக்கல. வட்டி அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு. கிரெடிட் கார்டு வட்டி மாசத்துக்கு மூணரை பர்சன்ட் கிட்ட, அது மேல 18 பர்சன்ட் ஜி.எஸ்.டி, அது மேல லேட் ஃபீ. நடுவுல கைல கெடச்சத ரெண்டாயிரம் மூவாயிரம்னு போட்டேன், கடல்ல பெருங்காயம் கரைச்ச மாதிரி தான். 2021 மார்ச்ல ஸ்டேட்மென்ட் பாத்தா 93,200. அதுக்குள்ள கலெக்‌ஷன் ஆளுங்க போன் ஆரம்பிச்சாச்சு. காலைல குக்கர் வெக்கும்போது ஒண்ணு, மெஷின்ல உக்காந்தா ஒண்ணு, ராத்திரி ஒன்பதரைக்கு ஒண்ணு. இப்பல்லாம் காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் கூப்பிடக் கூடாதுன்னு 2022ல ரிசர்வ் பேங்க் கறாரா சொல்லியிருக்கு, உங்களுக்கு அப்படி வந்தா தேதி, நேரம், நம்பர் மூணையும் குறிச்சு வெச்சுக்கோங்க, பின்னாடி உதவும். நான் எதையும் குறிக்கல. வூட்டுக்காரருக்கு தெரியாம போன சைலன்ட்ல போட்டு அரிசி டப்பாவுக்கு பின்னாடி வெச்சிருந்தேன், அவ்ளோ தான் என் சாமர்த்தியம்.

ஏப்ரல்ல ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு, குரல் நல்லா தன்மையா இருந்துச்சு. "மேடம், உங்களுக்கு ஒன் டைம் செட்டில்மென்ட் அப்ரூவ் ஆயிருக்கு, 45,000 கட்டுனா போதும், மூணு தவணைல கட்டலாம், அக்கவுண்ட் செட்டில் ஆயிடும், அப்புறம் யாரும் போன் பண்ண மாட்டாங்க." எனக்கு அழுகையே வந்துடுச்சு. 93,200ல 48,200 விட்டுத் தர்றாங்க, யாரு விடுவாங்க சொல்லுங்க? நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன், "அதுக்கப்புறம் எதுவும் பாக்கி இருக்காதே?" "எதுவும் இருக்காது மேடம், ஃபுல் அண்ட் ஃபைனல்." அது பொய் சொல்லல, இன்னிக்கு வரைக்கும் அந்த பொண்ணு மேல எனக்கு கோவம் இல்ல. நான் கேக்க வேண்டிய கேள்விய கேக்கல. அம்மா போட்ட ரெண்டு சவரன் செயின சேட்டு கடைல வெச்சு, மாசம் 15,000 மேனிக்கு மூணு மாசத்துல கட்டி முடிச்சேன். ஜூலைல லெட்டர் வந்துச்சு, அதுல கணக்கு எண்ணுக்கு பக்கத்துல கொட்டை எழுத்துல செட்டில்டுன்னு போட்டிருந்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே லேமினேஷன்.

ஏன் எனக்கு சந்தேகமே வரலன்னா, நம்ம பேச்சுல அந்த வார்த்தைக்கு இருக்கற மரியாத அப்படி. ஹோட்டல்ல பில்லு செட்டில் பண்ணிட்டேன்னா முழுசா குடுத்துட்டேன்னு அர்த்தம். மளிகை கடை அண்ணாச்சி "பழைய பாக்கிய செட்டில் பண்ணிடும்மா"ன்னா பாதிய குடுத்துட்டு வந்தா விட்டுடுவாரா? பையன் செட்டில் ஆயிட்டான்னா வேலை, வீடு, கல்யாணம் எல்லாம் முடிஞ்சுதுன்னு அர்த்தம், கல்யாண புரோக்கர் முதல்ல கேக்கறதே "மாப்ள செட்டில்டா"ன்னு தான். நமக்கு செட்டில்னா முடிஞ்சுது, நிம்மதி. அந்த நிம்மதில மூணு வருஷம் இருந்தேன், பொழப்பும் மெல்ல தலை தூக்குச்சு, செயினயும் மீட்டுட்டேன்.

2024 ஜூன்ல கொடுங்கையூர்ல ஒரு ரீசேல் ஃபிளாட் வந்துச்சு. ரெண்டாவது மாடி, கெழக்கு பாத்த வாசல், பின்னாடி ரூம்ல ரெண்டு மெஷின் போட்டுக்கலாம்னு அப்பவே மனசுக்குள்ள பிளான் போட்டுட்டேன். 34 லட்சம். வயசான ஐயா ஒருத்தர் தான் ஓனர், மக வீட்டோட போறதால விக்கறாரு. அக்ரிமென்ட் போட்டு 1,50,000 அட்வான்ஸ் குடுத்தோம், மூணு மாசத்துல கிரயம், நாங்க பின்வாங்குனா அட்வான்ஸ் திரும்ப வராதுன்னு ஷரத்து. இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி சொல்லிடறேன், ஏன்னா என் நஷ்டத்துல பெரிய பங்கு இந்த இடத்துல தான் போச்சு. லோன் போட்டு வீடு வாங்கறவங்க அக்ரிமென்ட்ல "வங்கிக் கடன் கிடைக்காத பட்சத்தில் முன்பணம் திருப்பித் தரப்படும்"னு ஒரு வரி போடச் சொல்லி கேளுங்க. ஓனர் ஒத்துக்கலாம் ஒத்துக்காம போலாம், கேக்கறதுல தப்பில்ல. அதவிட முக்கியம், அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே உங்க கிரெடிட் ரிப்போர்ட்ட, அதாவது நீங்க வாங்குன கடன எல்லாம் எப்படி கட்டுனீங்கன்னு இருக்கற பதிவ, எடுத்துப் பாருங்க. சிபில்னு நாம எல்லாத்துக்கும் சேத்து சொல்றோம், ஆனா நாட்டுல இந்த மாதிரி கம்பெனி நாலு இருக்கு, சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க். நாலு பேரும் வருஷத்துக்கு ஒரு தடவ முழு ரிப்போர்ட்ட ஃப்ரீயா குடுத்தாகணும், 2017ல இருந்து அதான் ரூல். அவங்க வெப்சைட்லயே எடுக்கலாம், நடுவுல காசு கேக்கற பேஜ் வரும், அதத் தாண்டி போனா ஃப்ரீ ரிப்போர்ட் இருக்கும். எனக்கு இது ஒண்ணும் தெரியாது. கடன் கட்டற ஒழுங்குக்கு மார்க் மாதிரி ஸ்கோர்னு ஒண்ணு இருக்குன்னு தெரியும், அது பணக்காரங்க சமாச்சாரம்னு நினைச்சிட்டிருந்தேன்.

பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு பேங்க்ல ஜாயின்ட் லோனுக்கு அப்ளை பண்ணோம், நானும் அவரும். 5,900 ப்ராசசிங் ஃபீ. பத்தாவது நாள் கூப்பிட்டாங்க. லோன் ஆபீசர் சின்ன வயசு தம்பி, மானிட்டர கொஞ்சம் எங்க பக்கம் திருப்பி, பேனா முனையால ஒரு வரிய காட்டுனாரு.

"மேடம், இந்த கார்டு செட்டில்டுன்னு காட்டுது."

"ஆமா சார், செட்டில் பண்ணிட்டேன். 2021லயே."

"அதான் மேடம் பிரச்சனை."

"இல்ல சார், நான் சொல்றது உங்களுக்கு புரியல, பாக்கி ஒண்ணும் இல்ல, செட்டில் பண்ணிட்டேன், லெட்டர் இருக்கு"ன்னு பையில இருந்து லேமினேட் பண்ணத எடுத்து டேபிள்ல வெச்சேன். அத வெச்சப்ப எனக்கு ஒரு பெருமை வேற. அவரு லெட்டர பாத்தாரு, என்ன பாத்தாரு. அப்புறம் மெதுவா, கொழந்தைக்கு சொல்ற மாதிரி, "மேடம், முழுசா கட்டியிருந்தா க்ளோஸ்டுன்னு வரும். செட்டில்டுன்னா முழுசா கட்டலன்னு அர்த்தம். எங்க சிஸ்டம்ல இது ஏழு வருஷம் வரைக்கும் தெரியும். ஸ்கோர் 612 தான் இருக்கு, இந்த கேஸ் மேல போகாது"ன்னாரு. ரிப்போர்ட்ல தனியா ஒரு கட்டத்துல செட்டில்மென்ட் தொகை 45,000னு இருந்துச்சு, அதுக்கு பக்கத்துல பேங்க் நஷ்டத்துல எழுதிட்ட தொகையும் இருந்துச்சு. நான் சந்தோஷப்பட்ட 48,200 எங்கயும் காணாம போகல, அது அங்கயே உக்காந்துட்டு இருந்திருக்கு. பக்கத்து சேர்ல வூட்டுக்காரரு. அவருக்கு அந்த கார்டு கடனே அப்ப தான் தெரியும்.

வெளிய வந்து மண்ணடி மெட்ரோ வரைக்கும் நடந்தோம், ஒரு வார்த்த பேசல. ட்ரெய்ன்ல கம்பிய புடிச்சுகிட்டு நிக்கும்போது, "சொல்லியிருக்கலாம்ல"ன்னாரு. திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன். கடன விட மறைச்சது தான் அவருக்கு வலி, அது இன்னிக்கும் முழுசா ஆறல. ஜாயின்ட் லோன்ல ஒருத்தர் ரிப்போர்ட் கெட்டா ரெண்டு பேரையும் சேத்து தான் இழுக்கும், அவரு பேர்ல ஒரு ரூபா பாக்கி கெடையாது. புருஷன் பொண்டாட்டி யாரா இருந்தாலும் இந்த ஒரு விஷயத்துல ஒளிச்சு வெக்காதீங்க, எப்படியும் ஒரு நாள் யாரோ ஒரு மூணாவது ஆளு மானிட்டர திருப்பி காட்டுவாங்க.

வீட்டுக்கு வந்தா பொண்ணு, ப்ளஸ் டூ படிக்கறா, டிக்‌ஷ்னரிய எடுத்து வெச்சுகிட்டு உக்காந்துட்டா. அந்த வார்த்தைக்கு பழைய இங்கிலீஷ்ல உக்கார்ற இடம்னு தான் மூல அர்த்தமாம், முதுகு ஒசந்த மரப் பெஞ்சுக்கு இன்னும் செட்டில்னு பேரு இருக்காம். அங்க இருந்து தான் எல்லா அர்த்தமும் கெளம்பியிருக்கு. அலஞ்சது ஒரு இடத்துல உக்காந்தா செட்டில், கலங்குன தண்ணில மண்ணு அடில படிஞ்சா செட்டில், ஒரு கூட்டம் புது ஊர்ல குடி ஏறுனா செட்டில்மென்ட். "1639ல வெள்ளைக்காரன் கோட்டை கட்ட எடம் வாங்குனான்ல, அதுவும் செட்டில்மென்ட் தான் மா"ன்னா. வாஸ்தவம் தான், அவன் வந்து உக்காந்து துணி ஏவாரம் பண்ணதால தான் துணிய வெளுக்கறவங்களுக்குன்னு எங்க பேட்டையே உண்டாச்சு, அந்த துணி இன்னும் எங்கள விடல. கட்டடம் கட்டறவங்க கிட்ட கேட்டா இன்னும் மோசம், அஸ்திவாரம் மண்ணுல எறங்குனா அதுக்கு பேரும் செட்டில்மென்ட் தானாம், சுவத்துல வெடிப்பு விடும். அப்புறம் அவ சொன்ன ஒண்ணு தான் எனக்கு சுருக்குன்னுச்சு. செட்டில் கூட ஃபார் சேந்தா, கேட்டது கெடைக்கல, கெடச்சத வெச்சு சமாதானம் ஆயிட்டேன்னு அர்த்தம் மா, பேங்க் உன்கிட்ட 93,200 கேட்டுச்சு, 45,000க்கு செட்டில் ஆச்சு. செட்டில் ஆனது நீ இல்ல, பேங்க்.

ஆனா எனக்கு நல்லா புரிய வெச்சது டிக்‌ஷ்னரி இல்ல, எங்க கீழ் வீட்டு தாத்தா. ஹைகோர்ட் பக்கம் நாப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவா இருந்தவரு. படில உக்காந்து அழுதுட்டு இருந்தவள கூப்பிட்டு விஷயத்த கேட்டுட்டு, "அம்மாடி, நம்ம ஊருல இதுக்கு ரெண்டு வார்த்த இருக்கு, இங்கிலீஷ்காரனுக்கு ஒண்ணு தான்"னாரு. "கடன அடைச்சுட்டேன்னா முழுசா குடுத்தது. ராஜி ஆயிட்டோம்னா ரெண்டு பக்கமும் கொஞ்சம் எறங்கி வந்து கேச முடிச்சிக்கிட்டது. நீ அடைக்கல, ராஜி ஆயிருக்க. அவன் போட்ட செட்டில்டுக்கு ராஜின்னு அர்த்தம், நீ அத அடைச்சாச்சுன்னு படிச்சிருக்க." அவ்ளோ தான், மூணு வருஷ குழப்பம் ரெண்டு வார்த்தைல தெளிஞ்சுச்சு. பின்னாடி தேடிப் பாத்தா ரிசர்வ் பேங்க்கே 2023 ஜூன் 8 அன்னிக்கு போட்ட சர்க்குலர்ல இதுக்கு காம்ப்ரமைஸ் செட்டில்மென்ட்னு தான் பேரு குடுத்திருக்கு. காம்ப்ரமைஸ்ங்கற அந்த முன் வார்த்தைய என் லெட்டர்ல போட்டிருந்தா நான் லேமினேட் பண்ணியிருப்பேனா?

அதுக்கப்புறம் எங்க அந்த வார்த்தைய பாத்தாலும் நின்னு யோசிக்கற வியாதி வந்துடுச்சு. யூனிட்ல வேல செய்யற பொண்ணோட பி.எஃப். ஸ்டேட்டஸ்ல க்ளெய்ம் செட்டில்டுன்னு வந்துச்சு, எனக்கு பக்குன்னுச்சு, அப்புறம் பாத்தா அங்க அதுக்கு காசு அனுப்பிட்டோம்னு அர்த்தம், நல்ல சேதி. இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் செட்டில்மென்ட் ரேஷியோ ஜாஸ்தியா இருந்தா நல்ல கம்பெனிம்பாங்க. கம்பெனிய விட்டு வந்தா ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்னு சம்பள பாக்கிய முடிப்பாங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல செட்டில்மென்ட் பத்திரம்னா அது வேற உலகம், அப்பா அம்மா புள்ளைங்களுக்கு ஆசையா சொத்த எழுதி வெக்கறது, அதுல கடனும் இல்ல ராஜியும் இல்ல, ஆனா எழுதி பதிஞ்சுட்டா உயில் மாதிரி நினைச்சப்ப மாத்த முடியாது. நான் வெச்சிருக்கற கணக்கு இது தான்: காசு எங்கிட்ட வரும்போது செட்டில்டுன்னா பயப்பட வேணாம், காசு எங்கிட்ட இருந்து போகும்போது செட்டில்டுன்னா பேனாவ கீழ வெச்சுட்டு விசாரிக்கணும். ஃபுல் அண்ட் ஃபைனல்ல இருக்கற ஃபுல்லும் அப்படி தான், முழுசா கட்டுனதுன்னு இல்ல, இதோட பேச்சு முடிஞ்சுதுன்னு தான் அர்த்தம்.

சரி, இதுக்கப்புறம் இன்னொரு முட்டாள்தனம். பதட்டத்துல சிபில் க்ளியர் பண்ணித் தர்றேன்னு ஒரு ஆளு கிட்ட போனேன், யூனிட்டுக்கு நூல் சப்ளை பண்ற பையன் சொன்னான்னு. ஏ.சி. ரூம், சுவத்துல சாமி படம், 8,000 வாங்குனாரு, 21 நாள்ல செட்டில்டு போயிடும்னாரு. அவரு பண்ணது ஒண்ணே ஒண்ணு தான், என் பேர்ல ஒரு டிஸ்பியூட், அதாவது ரிப்போர்ட்ல இருக்கற தகவல் தப்புன்னு ஒரு புகார் போட்டாரு, அத நானே ஃப்ரீயா போட்டிருக்கலாம். பேங்க் "நாங்க குடுத்த தகவல் சரி தான்"னு பதில் அனுப்பிச்சு, டிஸ்பியூட் முடிஞ்சுது. தகவல் உண்மையா இருந்தா அத எந்த ஏஜென்ட்டாலயும் அழிக்க முடியாது, பேங்க் மட்டும் தான் மாத்தி அனுப்ப முடியும். என்னக் கேட்டா இத சொல்றதுக்கே நான் 8,000 கேக்கலாம் போல.

பேங்க்க மாத்த வெக்க ஒரே வழி, விட்டுப்போன பாக்கிய கட்டறது. கார்டு குடுத்த பேங்க்கோட பிராஞ்சுக்கு போனா கார்டு சமாச்சாரம் எங்களுக்கு சம்பந்தம் இல்லன்னாங்க, கஸ்டமர் கேர்ல கூப்பிட்டா கணக்கு முடிஞ்சு போச்சு, பாக்கி சைபர்னு தான் காட்டுதுன்னாங்க. காசு குடுக்க வந்தவள வாங்க மாட்டேங்கறாங்க, அந்த கொடுமைய பாருங்க. போன்ல பேசறத விட்டுட்டு குறை தீர்க்கற அதிகாரிக்கு மெயில் போட்டேன், பொண்ணு தான் இங்கிலீஷ்ல அடிச்சா: 2021ல இந்த கணக்கு செட்டில் ஆச்சு, தள்ளுபடி பண்ண தொகைய நான் இப்ப முழுசா கட்ட தயார், கட்டுன அப்புறம் பாக்கி எதுவும் இல்லன்னு நோ டியூ சர்டிஃபிகேட் குடுத்து, நாலு கம்பெனிக்கும் க்ளோஸ்டுன்னு மாத்தி அனுப்புவீங்களா, பதில எழுத்துல குடுங்க. அந்த கடைசி வரி தான் உயிர். பதினாறு நாள் கழிச்சு சரின்னு பதில் வந்துச்சு. அது வர்றதுக்கு முன்னாடி ஒரு ரூபா கூட கட்டாதீங்க. கட்டிட்டு கேட்டா அவங்களுக்கு என்ன அவசரம்? முப்பது நாள்ல பதில் வரலன்னா, இல்ல வந்த பதில் சரியில்லன்னா, பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன் கிட்ட போலாம், ஆன்லைன்ல புகார் குடுக்க காசு கெடையாது, 14448க்கு போன் பண்ணா வழி சொல்வாங்க.

மறுபடி செயின வெச்சேன், அதே சேட்டு கடை, அதே செயின். 48,200 கட்டுனேன். இத நஷ்டத்துல நான் சேக்கல, நேர்மையா சொன்னா அது நான் குடுக்க வேண்டிய காசு தான், வட்டி அநியாயமா இருந்தாலும் கையெழுத்து போட்டது நான். நோ டியூ வந்ததும் ரிப்போர்ட் மாறுமான்னு டெய்லி பாத்துட்டு கெடந்தேன், மூணு கம்பெனில மாறிடுச்சு, ஒண்ணுல மாறல. அதுக்கு நானே டிஸ்பியூட் போட்டேன். புகார் குடுத்து 30 நாள்ல சரி பண்ணலன்னா அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா நமக்கு குடுக்கணும்னு ரூல் இருக்கு, 2024 ஏப்ரல்ல இருந்து அமல். நான் அந்த ரூல மெயில்ல ஒரு வரியா சேத்தேன், 26ஆவது நாள் மாறிடுச்சு. எனக்கு 100 ரூபா கெடைக்கல, அது ஒரு சின்ன வருத்தம்.

ஆனா இதுக்குள்ள டைம் ஓடிப்போச்சு. செப்டம்பர் முடிஞ்சு மூணு மாச கெடு தாண்டிடுச்சு. ஓனர் ஐயா கெட்டவரு இல்ல, இன்னும் ஒரு மாசம் பொறுத்தாரு, அவரோட மருமகன் பொறுக்கல. கடைசில வேற ஆளுக்கு பேசி முடிச்சிட்டாங்க. அட்வான்ஸ்ல ஒரு ரூபா வராதுன்னாங்க, நானும் வூட்டுக்காரரும் போயி அவங்க வாசல்ல நின்னு கேட்டு, பாதி குடுத்தாங்க, 75,000. அந்த காசோட திரும்பி வரும்போது அந்த ஃபிளாட் பால்கனிய நான் பாக்கவே இல்ல. அட்வான்ஸ்ல போனது 75,000, ப்ராசசிங் ஃபீ 5,900, சிபில் ஏஜென்ட் 8,000. மொத்தம் 88,900, அஞ்சு மாசம், நடுவுல வேலைக்கு போகாத நாளெல்லாம் கணக்குல வரல.

உங்களால 2021ல நான் இருந்த மாதிரி நெலமைல முழுசா கட்டவே முடியாதுன்னா? அப்ப செட்டில்மென்ட் எடுக்கறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அடுப்பு எரியணும், போன் நிக்கணும். ஆனா தெரிஞ்சு எடுங்க. முதல்ல தவணையா மாத்தித் தர முடியுமா, வட்டிய மட்டும் கொறச்சுகிட்டு அசல முழுசா வாங்கிப்பீங்களான்னு கேளுங்க, கட்டி முடிச்சா ரிப்போர்ட்ல க்ளோஸ்டா செட்டில்டா எப்படி போடுவீங்கன்னு எழுத்துல வாங்குங்க. ஏஜென்ட் கைல காசா குடுக்காதீங்க, பேங்க் கணக்குக்கே கட்டுங்க. செட்டில்மென்ட் தான் வழின்னு ஆயிட்டா, அடுத்த சில வருஷம் பெரிய லோன் எதுவும் கெடைக்காதுன்னு மனச தயார் பண்ணிக்கிட்டு, அட்வான்ஸ் கிட்வான்ஸ்னு எறங்காதீங்க. அப்புறம் எந்த லெட்டரையும் லேமினேட் பண்ணாதீங்க, அந்த ஆபீசர் தம்பி பின் பக்கம் சீல் வெக்க ஒரிஜினல கேட்டப்ப கத்திரிக்கோலால வெட்டிப் பாத்து அது ஓரத்துல கிழிஞ்சுது தான் மிச்சம்.

இப்ப ஸ்கோர் 700 தாண்டிடுச்சு, வீடு இன்னும் பாத்துட்டு இருக்கோம். போன வாரம் மதியம் பக்கத்து தெரு பொண்ணு ஒண்ணு, காசிமேட்டுல மீன் ஏலத்துல கணக்கு எழுதுது, "அக்கா, நீ இதெல்லாம் பாப்பியாமே"ன்னு ஒரு வாட்ஸப் லெட்டர கொண்டாந்து காட்டுச்சு. 70,000 பாக்கி, 31,000 கட்டுனா ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட், இன்னிக்கு சாயங்காலத்தோட ஆஃபர் முடியுது. அது கண்ணுல அதே சந்தோஷம். மெஷின நிறுத்திட்டு அந்த ஏஜென்ட்டுக்கு அதோட போன்லயே போட்டு ஸ்பீக்கர்ல வெச்சேன். தம்பி, கட்டி முடிச்சா ரிப்போர்ட்ல க்ளோஸ்டுன்னு வருமா செட்டில்டுன்னு வருமான்னு கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணு தான் மேடம்."

"ஒண்ணு தான்னா க்ளோஸ்டுன்னே போட்டு மெயில் அனுப்புங்க, இப்பவே கட்டறோம்"னேன். லைன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் கட் ஆயிடுச்சு. அந்த பொண்ணு என் மூஞ்சியவே பாத்துட்டு இருந்துச்சு. வண்டி சாவிய எடுத்துகிட்டு, வா பேங்க்குக்கே போலாம்னு கெளம்பிட்டோம், தெச்சுட்டு இருந்த நைட்டி கழுத்துப்பட்டி பாதில அப்படியே ஊசிலயே நின்னுச்சு.